நான்கு தோழிகள் சேர்ந்து வீடு வாங்கி ஒன்றாக வாழலாமா?

கேள்வி: லயத்துப் பெண், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு 58 வயது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்து, பால்மரங்கள் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்கள் செம்பனையாக மாறியதையும் அதற்குப் பின் லயங்கள் எனும் தொழிலாளர் வரிசைவீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டதையும் அருகிலிருந்து பார்த்தவள். திருமணம் செய்துகொள்ளவில்லை. சேமநிதிப் பணத்தைக் கொண்டு வாங்கிய மூன்று அறை வீடொன்றில், ஒரு தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) நடுவில், இப்பொழுது தனியாக இருக்கிறேன்.

என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்த மூன்று தோழிகள் இன்னமும் இந்தப் பட்டணத்தைச் சுற்றியே இருக்கிறார்கள். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவர்; ஓய்வூதியம் வருகிறது. இன்னொருவர் கணவரை இழந்தவர். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இவர் காலையில் சந்தைக்கு அருகே வடையும் தோசையும் விற்கிறார். மூன்றாமவர் பால் வெட்டியவர். தோட்டத்து வேலை போன பிறகு ஒரு தொழிற்சாலையில் துப்புரவுப் பணி செய்கிறார். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிதான் (ரிங்கிட்) அவர் கைக்கு வருகிறது, அதிலும் ஒரு பங்கு வாடகைக்குப் போய்விடுகிறது.

சென்ற ஆண்டு டெங்கிக் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டேன். வாசலில் கார் நின்றதால் அக்கம்பக்கத்தார் நான் நலமாக இருப்பதாகவே எண்ணிக்கொண்டார்கள். இரண்டு நாளாக வடை வாங்க ஆள் வரவில்லையே என்று கடைக்காரத் தோழிதான் மூன்றாம் நாள் வியாபாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மாவு காய்ந்த கையோடு வந்து கேட்டைப் பிடித்து ஆட்டினார். மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது, “நம்ம லயமா இருந்தா மொத நாளு பெரட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்” என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் நடக்கும் ஆள்கணக்கெடுப்பு. அந்தப் பேச்சிலிருந்து தொடங்கியதுதான் இந்தத் திட்டம்.

லயத்தில் இருந்திராதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். எங்கள் லயம் பன்னிரண்டு கதவுகள் கொண்டது. முன்னால் நீளமாக ஓடும் அஞ்சடி என்ற தாழ்வாரம்தான் பன்னிரண்டு வீட்டுக்கும் கூடம். வீட்டுக்கு வீடு நின்ற தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. ஆகவே ஒரு வீட்டில் ரேடியோ ஆறு என்ற தமிழ் வானொலி பாடினால் நான்கு வீட்டுக்குப் போதும், ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீட்டில் ஓமம் வறுபடும். விடியற்காலை இருட்டில் எந்தக் கதவின் அடியில் விளக்கு வெளிச்சம் தெரியவில்லையோ, அந்தக் கதவை யாராவது தட்டிவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார்கள். அம்மா வேலைக்காட்டுக்குப் போன பிறகு என் தலையை வாரிவிட்டவர் மூன்றாம் வீட்டுப் பெரியம்மா. அவர் எங்களுக்கு எந்த வகையில் பெரியம்மா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நால்வரும் பணம் போட்டு நான்கு அறை உள்ள ஒரு மூலைவீட்டை வாங்கி, நால்வர் பெயரிலும் பதிவு செய்து, ஒரே அடுப்பில் சமைத்து வாழலாம் என்பது எங்கள் எண்ணம். ஆசிரியைத் தோழியால் பாதிப் பணத்தையே போட முடியும். பால் வெட்டியவரால் சில ஆயிரம்கூடத் திரட்ட முடியாது. இந்த ஏற்றத்தாழ்வை வைத்துக்கொண்டு தோழமை கெடாமல் ஒரு வீட்டை நடத்துவது எப்படி? ஒருவர் இறந்துவிட்டாலோ படுக்கையில் விழுந்தாலோ என்ன செய்வது? இப்படி வாழ்ந்து பார்த்தவர்கள், அல்லது வாழ்ந்து பார்த்து வெளியேறியவர்கள், தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி: மண்டோர் மகன், கோலகங்சார்

அக்கா, உங்கள் எழுத்தைப் படித்தபோது எனக்கும் ஓம வாசம் வந்தது உண்மை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: லயத்தை நம்மில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த லயத்தில் எந்தக் கதவு என்பதை அலுவலகம் முடிவு செய்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு. வேலையிலிருந்து நின்றவர் முப்பது ஆண்டு குடியிருந்த வீட்டைச் சாவியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் பிள்ளைகளில் யாராவது ஒருவர் தோட்டத்திலேயே வேலைக்குப் போனால்தான் பெற்றோருக்குக் கூரை என்று எத்தனை குடும்பங்களில் படிப்பு நின்றது என்பதை நீங்களே அலுவலகக் கணக்கில் பார்த்திருப்பீர்கள்.

கூரையைத் தொடாத சுவர் வழியாக வானொலி மட்டும் வரவில்லை. சம்பள நாளன்று குடித்துவிட்டு வந்தவர் மனைவியை அடிக்கும் ஓசையும் அதே வழியாகத்தான் வந்தது. காலையில் அதே அஞ்சடியில் எல்லோரும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தும் பாராதவர்போல் போனார்கள். என் அக்காளுக்கு வந்த வரன் மூன்று முறை தட்டிப்போனது அஞ்சடிப் பேச்சினால்தான். விளக்கு எரியவில்லை என்று தட்டுகிற கைதான், இரவு எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது என்றும் எண்ணிக்கொண்டிருக்கும்.

தோட்டத்து வீடு எப்படி இருக்க வேண்டும் என்று 1966 இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1990 இல் இன்னொரு சட்டமும் போட வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 2020 இல் வந்த விதிகளின்படி, பலர் சேர்ந்து படுக்கும் கூடத்தில் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம் வேண்டும். இன்று நம் பழைய தோட்டங்களில் அந்த 3 சதுர மீட்டரில் படுத்திருப்பவர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்களும் சேர்ந்துதான் சமைக்கிறார்கள், சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அதைப் பார்த்து யாரும் ஏங்குவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது என்பது நமக்குத் தெரியும்.

நீங்கள் நால்வரும் விரும்பிச் சேர்கிறீர்கள். ஆகவே உங்கள் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் விரும்பும்போது பிரிந்து போகவும் வழி வைத்துக்கொண்டு சேருங்கள். ஒரே அடுப்பு என்பதை மட்டும் இன்னொரு முறை யோசியுங்கள்.


மறுமொழி: நில அலுவலகத்தில் இருந்தவன், ஈப்போ

அம்மா, வணக்கம். நில அலுவலக முகப்பில் 26 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு மாற்று அன்று. ஆனால் வழக்கறிஞரிடம் போவதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருப்பது நல்லது.

நால்வர் பெயரில் ஒரே கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், எடுக்கலாம். 1965 ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பங்கு சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆசிரியைக்குப் பாதி, உங்களுக்கு நான்கில் ஒன்று, மற்ற இருவருக்கும் எட்டில் ஒன்று என்றுகூடப் பதியலாம். கவனிக்க வேண்டியது அதற்கடுத்த செய்தி. ஒவ்வொரு பங்காளரும் தம் பங்கைத் தனியாக விற்கலாம், அடமானம் வைக்கலாம். நால்வர் சேர்ந்து வாங்கிய வீட்டில் ஒருநாள் ஐந்தாவது, முன்பின் தெரியாத ஒருவர் பங்குதாரராகி நிற்பதைச் சட்டம் தடுக்காது. அதைத் தடுக்க வேண்டுமானால், விற்பவர் முதலில் மற்ற மூவரிடம்தான் கேட்க வேண்டும், விலையை இன்ன முறையில் மதிப்பிட வேண்டும் என்று உங்களுக்குள் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதி முத்திரைத் தீர்வை கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிரிந்து போக விரும்பி மற்றவர்கள் இணங்காவிட்டால் நீதிமன்றம்தான் போக வேண்டும். தரைவீட்டை நான்காக வெட்ட முடியாதாகையால் அது பெரும்பாலும் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிப்பதில்தான் முடியும்.

பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருப்பது, ஒருவர் இறந்தால் அவர் பங்கு தானாக மற்ற மூவருக்கும் வந்துவிடும் என்பது. தீபகற்ப மலேசியாவில் அப்படி இல்லை. இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உயில் எழுதாவிட்டால் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958 ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பொருந்தும். உங்களைப் போல் கணவரும் பிள்ளைகளும் இல்லாதவர் என்றால் பெற்றோருக்கு. பெற்றோரும் இல்லையென்றால் உடன்பிறந்தவர்களுக்கு. பலகாரக்கடை அம்மாளின் பங்கு சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் போகும். அந்தத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கலாம். ஆனால் நாளை அவருக்குப் பணம் தேவைப்பட்டால், அறுபத்தெட்டு வயதில் நீங்கள் மூவரும் வீடு தேட வேண்டியிருக்கும்.

ஆகவே உயில் எழுதுங்கள். பங்கை வாரிசுக்கே எழுதிவிட்டு, மற்றத் தோழிகள் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கலாம் என்று உரிமை வைத்து எழுதலாம். ஒரு சிறு எச்சரிக்கை: உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், உயிலால் பயன் பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். நால்வரும் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சாட்சி போட்டுவிட்டு, பாயசம் குடித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். இப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

செலவையும் எண்ணிப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சம் வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 5 இலட்சம் வரை 2 விழுக்காடு. ஒருவர் பங்கை மற்றவர்கள் வாங்கும் ஒவ்வொரு முறையும் அது உண்டு. வாங்கிய மூன்று ஆண்டுக்குள் இலாபத்தில் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரி. ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்கு அந்த வரி இல்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்கும் கேட்கலாம். வங்கிக் கடன் பெரும்பாலும் 70 வயதுக்குள் முடிய வேண்டும் என்பதால் உங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுத் தவணைதான் கிடைக்கும். மலிவு விலை வீடாக இருந்தால், மாநில அரசின் அனுமதியின்றி மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு கிராண்டில் இருக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பால் வெட்டிய அம்மாளைப் பற்றி எனக்குள்ள கருத்து இது. அவருக்கு எட்டில் ஒன்று என்று கருணைப் பங்கு கொடுப்பதைவிட, குறைந்த வாடகையில் ஒழுங்கான ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதே அவருக்குப் பெருமை. மூன்று ஆண்டு வரையிலான வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதைக் கிராண்டில் குறித்து வைக்க மட்டும் நில அலுவலகத்தில் கேட்கலாம். மூன்று ஆண்டுக்கு மேற்பட்டால் அது குத்தகையாகப் பதிவாக வேண்டும். பங்காளியானவருக்குக் கூரை ஒழுகினால் செலவில் பங்கு உண்டு, வாடகைக்காரருக்கு இல்லை. 1,700 வெள்ளிச் சம்பளத்தில் கூரை மாற்றுவது எளிதா?

இன்னொன்று. மாதந்தோறும் பொதுச் செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போடுவதை யாராவது “கூட்டு” என்று சொன்னால் பயப்பட வேண்டாம். நம் மொழியின் அந்தச் சொல்லையே பெயரில் வைத்து 1971 இல் இந்நாட்டில் ஒரு தடைச் சட்டம் வந்தது. அது சீட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதைப் பற்றியது. அரிசிக்கும் மின்கட்டணத்துக்கும் பணம் போடுவது அதில் சேராது.

கடைசியாக, உங்கள் ஊரைப் பற்றியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் 1919 இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். மாதம் 10 வெள்ளி வீதம் சேர்த்துத் தோட்டத்தையே தொழிலாளர் வாங்கினார்கள். கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம்தான் முதலில் வாங்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நிலத்தைச் சேர்ந்து வாங்கினார்கள், ஆனால் அடுப்பைச் சேர்க்கவில்லை. எழுதும்போதுதான் எனக்கே இது உறைத்தது.


மறுமொழி: லயத்துப் பெண்

ஐயா, மிக்க நன்றி. உங்கள் பதிலை அச்செடுத்துத் தோழிகளிடம் படித்துக் காட்டினேன். சாட்சிக் கையெழுத்தைப் பற்றிய பகுதியில் ஆசிரியைத் தோழி தலையில் கை வைத்துக்கொண்டார். நால்வரும் அப்படித்தான் செய்வதாக இருந்தோம். பால் வெட்டியவர், பங்கு வேண்டாம், வாடகைதான் வேண்டும் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு இதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது, அவருக்கு இருக்கவில்லை.

மண்டோர் மகன் தம்பி சொன்னதும் பொய்யில்லை. எங்கள் லயத்திலும் பார்த்தும் பாராமல் போன முகங்கள் உண்டு. ஆனால் ஒரே அடுப்பு வேண்டாம் என்பது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சேர்ந்து சாப்பிடாமல் என்ன சேர்ந்து வாழ்வது?


மறுமொழி: பாலம் கடந்தவன், ஜொகூர் பாரு

அக்கா, அடுப்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

நானும் பேராக் தோட்டத்துப் பிள்ளைதான். சிங்கப்பூரில் வேலை கிடைத்தபோது ஜொகூர் பாருவில் ஒரு மாடி வீட்டை ஒன்பது பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். எல்லோரும் பள்ளித் தோழர்கள். விடியற்காலை நான்கரைக்கு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் பாலத்துக்குக் கிளம்பும். மாலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் சோறு வைப்பார். முதல் ஆறு மாதம் என் வாழ்நாளிலேயே இனிமையான காலம். சம்பளம் தாமதமானவனுக்கு மற்ற எட்டுப் பேரும் கேட்காமலே வாடகையைக் கட்டினோம். ஒருவனுடைய அம்மா இறந்தபோது இரவோடு இரவாக இரண்டு காரில் ஒன்பது பேரும் ஊருக்குப் போனோம்.

ஏழாம் மாதத்தில் மைலோ டின் மீது ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த வாரம் முட்டைத் தட்டில் பெயர். அதற்கடுத்து, குளிர்பெட்டியில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நிற நாடா. ஒருவன் மீன் சாப்பிடாதவன். சட்டியில் மீன் வாடை போகவில்லை என்று அவன் தனியாக ஒரு சட்டி வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டான். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான். பேசாமல் இருக்கும் ஒன்பது பேர் ஒரே குளியலறைக்கு முன்னால் காலை நான்கு மணிக்குத் துண்டோடு நிற்பது எவ்வளவு கொடுமை என்பதை நின்றவன்தான் அறிவான்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு 555 புத்தகம். எங்களில் மூத்தவர் ஒருவர், எல்லோரும் அண்ணன் என்று அழைப்போம், கடையில் வாங்கிய அந்தச் சின்னக் கணக்குப் புத்தகத்தைச் சமையலறை ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். அரிசி, எண்ணெய், வெங்காயம், எரிவாயு ஆகிய நான்கு மட்டும் பொது. மற்றவை எல்லாம் அவரவருடையவை. பொதுவில் யார் என்ன வாங்கினாலும் அதில் எழுத வேண்டும், எழுதாதது தானமாகக் கருதப்படும். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு மட்டும் எல்லோரும் சேர்ந்து. மற்ற நாள்களில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. தோழர்களுக்குள் கணக்கா என்று நாங்கள் முகம் சுளித்தோம். ஆனால் புத்தகம் தொங்கிய நாளிலிருந்து மனத்துக்குள் கணக்கு வைப்பது நின்றுபோனது. அதன்பின் நான்கு ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தோம். திருமணம் ஆக ஆக ஒவ்வொருவராக வெளியேறினோம், கோபத்தில் போனவர் யாரும் இல்லை.

நாங்கள் அப்போது இருபத்தைந்து வயதுக்காரர்கள், அதையும் சொல்ல வேண்டும். நீங்கள் நாற்பது ஆண்டுகளாகத் தனித்தனிச் சமையலறையில் தனித்தனி உப்புக் கணக்கில் பழகியவர்கள். உங்கள் கடைக்காரத் தோழி காலை மூன்று மணிக்கு உளுந்து ஆட்டத் தொடங்குவார் அல்லவா? ஆசிரியை அம்மாளுக்கு அந்த நேரத்தில் கிரைண்டர் ஓசை வேண்டியிருக்குமா என்று முதலில் கேளுங்கள்.


மறுமொழி: அமாவின் அண்டைவீட்டுக்காரி, பினாங்கு

கிரைண்டர் ஓசை என்றதும் எழுதத் தோன்றியது. இந்த ஏக்கம் நம் தோட்டத்தாருக்கு மட்டும் உரியதன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்து வீட்டுவேலை செய்த சீன அமாக்களில் பலர் திருமணமே வேண்டாம் என்று உறுதி எடுத்துக்கொண்டவர்கள். எசமானர் வீட்டில் தங்கி வேலை செய்தாலும், பட்டணத்தில் சிலர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். விடுமுறை நாளுக்கு, வேலை போன நாளுக்கு, நோய் வந்த நாளுக்கு என்று. அதற்குக் கொங்சி என்று பெயர். இன்று நாம் எதைப் பங்கிட்டாலும் “கொங்சி பண்ணு” என்று சொல்வதும் அந்தச் சொல்தான். என் சிறுவயதில் பக்கத்து வீட்டு மாடியில் அப்படி மூன்று முதிய அமாக்கள் இருந்தார்கள். ஒரே அறையில் மூன்று பெட்டிகள், மூன்று பூட்டுகள். ஆனால் வாசலில் மூன்று மரச்செருப்புகளும் ஒரே வரிசையில் இருக்கும்.

டென்மார்க்கில் 1972 இல் சேட்டடாமன் என்ற இடத்தில் 27 குடும்பங்கள் இப்படித்தான் தொடங்கின: ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமையலறையோடு கூடிய தனி வீடு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூடம். இலண்டனின் ஹை பார்னெட்டில் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் சேர்ந்து, ஏறத்தாழ 18 ஆண்டுகள் அலைந்து, 2016 இல் 25 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் குடியேறினார்கள். அங்கும் அவரவருக்குத் தனிச் சமையலறை உண்டு. விரும்பிய நாளில் பொதுக்கூடத்தில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நாடும் மொழியும் வேறாக இருந்தும், கதவு தனி, முற்றம் பொது என்ற ஒரே ஏற்பாட்டுக்குத்தான் எல்லோரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அக்கா, உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பன்னிரண்டு கதவு என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்று எங்கேயும் எழுதவில்லை. உங்கள் பெரியம்மா தலை வாரிவிட்டது அஞ்சடியில்தானே?


மறுமொழி: லயத்துப் பெண்

அஞ்சடியில்தான் அம்மா. சீப்பும் எண்ணெய்க் கிண்ணமும் அவர் மடியில் இருக்கும். என் முகம் எதிர்த்த லயத்தைப் பார்த்து இருக்கும். அவர் வீட்டுச் சமையலறைக்குள் நான் நுழைந்ததாக நினைவே இல்லை. தீபாவளிக்குக்கூடப் பலகாரத் தட்டு அஞ்சடிவரைதான் வரும். இத்தனை ஆண்டுகளாக மனத்தில் இருந்த லயத்துக்குள் இல்லாத ஓர் அடுப்பை நானே மூட்டி வைத்திருக்கிறேன் போலும்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் என் வீட்டில் கூடினோம். கிரைண்டர் பேச்சை எடுத்தேன். ஆசிரியைத் தோழி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தமக்கு இரவில் தூக்கமே மூன்று மணிக்குத்தான் வருகிறது என்று சொன்னார். சிறுவயது முதல் தோழி. இது எங்களில் யாருக்கும் தெரியாது. கடைக்காரத் தோழியோ, தம் உளுந்துப் பாத்திரத்தில் வேறொருவர் கைவைப்பதைத் தம்மால் பொறுக்க முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு இருந்தாலும் அது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றவில்லை.

ஆகவே மூலைவீட்டுத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். என் வீட்டுக்கு இடப்பக்கத்து வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் உரிமையாளர் ஈப்போவில் இருக்கிறார். அதை முதலில் ஓராண்டு வாடகைக்குக் கேட்கிறோம். கடைக்காரத் தோழியும் பால் வெட்டியவரும் அதில் இருப்பார்கள். பால் வெட்டியவருக்கு இன்னமும் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, ஆகவே கிரைண்டர் ஓசையால் அவருக்குத் தொல்லையில்லை. தேங்காய் துருவிக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். ஆசிரியை என் வீட்டின் பின்னறைக்கு வருகிறார். அந்த அறை கிரைண்டருக்கு மறுபக்கம். வாடகை எழுத்தில் இருக்கும். 555 புத்தகம் வாங்கியாகிவிட்டது. ஓராண்டு கழித்து யாருக்கும் மனம் மாறாவிட்டால் அந்த வீட்டை வாங்குவதைப் பற்றி ஐயா சொன்ன முறையில் வழக்கறிஞரிடம் பேசுவோம்.

இரண்டு வீட்டு முன்வாசலுக்கும் நடுவே இடுப்பளவு மதில் ஒன்று இருக்கிறது. ஞாயிறன்றே பால் வெட்டியவர் அளவு நாடாவைக் கொண்டுவந்து அளந்துவிட்டார். ஒரு வாசல் விளிம்பிலிருந்து மறு வாசல் விளிம்புவரை சரியாக முப்பத்தெட்டு அடி. அந்த மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி உடைப்பதற்கு உரிமையாளரின் சம்மதம் போதுமா, அல்லது நகராண்மைக் கழகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் உளியை ஏற்கெனவே தேடி எடுத்து வைத்துவிட்டார்.